கணக்குக் கேட்கலாம், வாங்க!

சென்னையில் எங்கே மழைத் தண்ணீர் தேங்கும் என்று தெரிந்துகொள்ள, வானிலை ஆய்வு மையத்துக்கு போன் போட வேண்டாம். தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும்.

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. வியூ இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்! நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு'. சேத்துப்பட்டுப் பக்கம் 'ஸ்பர் டேங்க் ரோடு'. பண்ட் என்றால் ஏரிக்கரை. கரை மேல் பஸ் போகிறது, ஏரிக்குள்ளே ஆபீஸ் நடக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி நாம் முண்டியடித்துத் துணி எடுக்கிற தி.நகர் இருக்கிறதே, அது 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்.

வங்கியில் ஐநூறு ரூபாய் இருக்கிற சேமிப்புக் கணக்கை மூடப் போனால்கூட நாலு இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். இத்தனை ஏரிகளின் கணக்கை மூடினார்களே, உங்கள் தாத்தாவிடமோ என் தாத்தாவிடமோ யாராவது ஒரு கையெழுத்துக் கேட்டார்களா? கேட்கவில்லை. அதைவிட முக்கியமான விஷயம், நம் தாத்தாக்களும் 'எங்கே கணக்கு?' என்று கேட்கவில்லை.

மூடிய கணக்குகளைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. இன்னும் முழுசாக மூடப்படாத ஒரு கணக்கைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசப்போகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற சாலையிலோ, பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி சாலையிலோ போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். திடீரென்று கட்டடங்கள் விலகி, கோரையும் தண்ணீருமாக ஒரு வெட்டவெளி வரும். பஸ்ஸில் இருக்கிறவர்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். காரணம், பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தால் கூழைக்கடா தெரியும். அரிவாள் மூக்கன், தாழைக்கோழி, இலைக்கோழி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம். அத்தனை நாற்றத்துக்கு நடுவிலும் அதுங்க வருஷா வருஷம் வருகின்றன.

"சதுப்பு நிலம்னா என்ன சார்? சகதிதானே!" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. நம் வருவாய்த் துறையின் பழைய பார்வையும் ஏறக்குறைய அதுதான். நெல் விளையாத நிலம், வரி வராத நிலம், அதனால் வீணான நிலம். அதன் பழைய தமிழ்ப் பெயர் கழுவெளி.

ஆனால், அந்தச் சகதி சும்மா கிடக்கவில்லை. தென் சென்னைப் புறநகரில் ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழியும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில், 65 நீர்நிலைகளின் தண்ணீர் கடைசியில் வந்து சேர்கிற இடம் பள்ளிக்கரணை. இங்கே வந்து, அகலமாகப் பரவி, நிதானமாக நின்று, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். ஒரு காலத்தில் இந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ரோடு வந்தது. ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. கல்லூரி வந்தது. 1980-களில் குப்பை வந்தது. பிறகு ஐ.டி. கம்பெனிகள் வந்தன. கம்பெனி வந்ததும் அபார்ட்மென்ட் வந்தது. 'ஏரியைப் பார்த்த வீடு' என்று கலர் நோட்டீஸ் அடித்து விற்றார்கள். நாலு வருஷம் கழித்து ஏரி இருந்த இடத்தில் அடுத்த அபார்ட்மென்ட்.

நான் சயின்ஸ் படித்தவன் இல்லை, வெறும் பி.காம். ஆற்றின் ஓட்டம், மண்ணின் குணம் எல்லாம் நிபுணர்கள் சொல்ல வேண்டியது. எனக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். வாருங்கள், ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

250 சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டரைக் கோடி கன மீட்டர் தண்ணீர். லிட்டரில் சொன்னால் 2,500 கோடி. கோடையில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் பிடித்தால் இருபது லட்சம் லாரிக்கு மேல்!

மண் குடித்தது, கடலுக்கு ஓடியது எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். இந்தத் தண்ணீர் முழுவதும் பழைய 5,000 ஹெக்டேரில் பரவினால் எவ்வளவு உயரம் நிற்கும்? அரை மீட்டர். முழங்கால் அளவு. கொக்கு நின்று மீன் பிடிக்கலாம்.

அதே தண்ணீரை, இன்றைக்குச் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற 1,247 ஹெக்டேருக்குள் ஊற்றுங்கள். இரண்டு மீட்டர். ஆறடி ஆளே மூழ்கிவிடுவார்.

தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. பக்கவாட்டில் போகும். அதாவது உங்கள் ஹாலுக்கு வரும்.

வணிகவியல் வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம், ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று உண்டு என்பது. வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாமல் விட்டால் புத்தகம் ஒரு நாள் டேலி ஆகாமல் பல்லிளிக்கும். இத்தனை ஏக்கர் மனை, இத்தனை சதுர அடி ஆபீஸ், இத்தனை கோடி பத்திரப் பதிவுக் கட்டணம் என்று வரவுப் பக்கத்தை முத்து முத்தாக எழுதினோம். தண்ணீருக்கு இருந்த இடம் போனதைப் பற்றுப் பக்கத்தில் எழுத ஆள் இல்லை.

2015-ல் மழையே அதை எழுதியது. நாம் போட்டது பத்து சென்டிமீட்டர் கணக்கு. அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் பெய்தது 49 சென்டிமீட்டர்.

அப்போது நான் மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாலு குடும்பம் மாடியில் ஒரே அறையில். கரன்ட் இல்லை, செல்போன் இல்லை. தெரு முனையில் பால் ஊற்றுகிற பாட்டி ஒருவரும் எங்களோடு இருந்தார். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் எல்லாம் "ஏரி உடைஞ்சிருச்சாம்", "மதகைத் தெறந்துட்டானாம்" என்று ஆளுக்கொரு வதந்தியைப் பரிமாறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஜன்னல் வழியே பார்த்தபடி இருந்தார்.

"எங்க மாமியார் இங்கதாம்ப்பா கோரை அறுக்க வருவாங்க. இந்தப் பக்கம் வாய்க்கா இருந்துச்சு. மாட்டை எறக்கவே பயப்படுவோம், அவ்ளோ ஆழம்."

"எந்தப் பக்கம் பாட்டி?"

கை நீட்டினார். அவர் நீட்டிய இடத்தில் மூன்று கார்களும் ஒரு ஜெனரேட்டரும் மிதந்துகொண்டிருந்தன.

வாய்க்கால் இருந்தது என்று ஒரு பாட்டிக்குத் தெரிகிறது. பக்கத்திலேயே பதினைந்து வருஷமாகக் குடியிருக்கிற, டிகிரி முடித்த, பேப்பர் படிக்கிற நாற்பது குடும்பங்களுக்குத் தெரியவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?

எங்கள் தெருவில் ஒருவர் உண்டு. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'கணக்கு சார்' என்றுதான் கூப்பிடும். காய்கறி வாங்கினால்கூட நோட்டில் எழுதுகிற ரகம். பின்னால் நாங்கள் செய்த உருப்படியான காரியங்களுக்கெல்லாம் அவர்தான் குரு.

வெள்ளத்துக்குச் சில வருஷங்கள் முன்பே அவர் ஒரு வேலை செய்தார். இரவு நேரத்தில் கழிவுநீர் லாரிகள் வந்து, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் போகும். 'துர்நாற்றம் தாங்க முடியவில்லை, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எங்கள் நலச் சங்கம் வருஷத்துக்கு ரெண்டு மனு போடும். மனுவுக்கு ரசீது கொடுப்பார்கள். ரசீதை ஃபைலில் போடுவோம். சுபம்.

கணக்கு சார் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தூக்கம் வராத மனிதர். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேதி, நேரம், லாரி நம்பர், கொட்டிய இடம் என்று நாலு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார். மூன்று மாதம். அதன் நகலை அடுத்த மனுவோடு இணைத்தார். பணிவாகக் கேட்டுக்கொள்ளும் வரி எதுவும் அதில் இல்லை. 'இணைப்பு: 5 பக்கங்கள்' என்று மட்டும் இருந்தது.

இரண்டு வாரத்தில் ஜீப் வந்தது. "யார் சார் இதை எழுதினது?" என்று கேட்டார் வந்த அதிகாரி. குரலில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று இன்று வரை எங்களுக்குள் விவாதம். ஆனால், அந்த இடத்தில் பள்ளம் வெட்டி லாரி இறங்க முடியாமல் செய்தார்கள். லாரிக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் கொட்டுவது நின்றது.

"நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா, அது அபிப்ராயம் சார். பதினொன்னு நாப்பதுக்கு இந்த நம்பர் லாரின்னு சொன்னா, அது கணக்கு. அபிப்ராயத்துக்கு பதில் சொல்லாம இருக்கலாம். கணக்குக்கு பதில் சொல்லியாகணும்" என்பார் அவர்.

பள்ளிக்கரணையில் கொஞ்சமாவது மிஞ்சியிருப்பதற்குக் காரணமும் இந்த மாதிரி ஆட்கள்தான். இது ஏதோ ஒரு நாள் ஊர்வலம் போய் மீட்ட இடம் இல்லை. பறவை ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு, பைனாகுலரோடு போய், எந்தப் பறவை எத்தனை என்று வருஷக்கணக்கில் எழுதிவைத்தார்கள். சுற்றியுள்ள குடியிருப்போர் குப்பை எரிவதையும் கழிவு கொட்டுவதையும் போட்டோ எடுத்து, கோர்ட் வரை போனார்கள். 'கேர் எர்த்' அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்ற ஆய்வாளர்கள் இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பணிக்காக 2025-ல் ராம்சார் விருது பெற்றார் அவர். அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர்!

2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1971-ல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தப்படி ஈரநிலங்களுக்கு ஒரு சர்வதேசப் பட்டியல் உண்டு. 2022-ல் பள்ளிக்கரணையின் 1,247.54 ஹெக்டேர் அந்தப் பட்டியலில் ஏறியது. அதே 2022 ஏப்ரலில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ நாள் கணக்கில் எரிந்தது. ஒரு கையில் சர்வதேச அந்தஸ்து, மறு கையில் தீப்பெட்டி. நம்ம ஊர் அப்படித்தான். பிறகு பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கிற வேலை நடந்து கணிசமான நிலம் மீண்டது.

சரி, எங்கள் தெருவின் அந்த வாய்க்கால் என்ன ஆனது?

2016 ஜனவரியில் வீட்டையெல்லாம் கழுவி முடித்த பிறகு, கணக்கு சார் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டார். செலவு பத்து ரூபாய். எங்கள் பகுதியின் சர்வே எண்களில் எது வாய்க்கால் புறம்போக்கு, அதன் அகலம் என்ன, வரைபடத்தின் நகல் வேண்டும். மூன்றே கேள்வி. முப்பது நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகு எழுபதாவது நாள் வந்தது.

காகிதத்தில் வாய்க்காலின் அகலம் எட்டு மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெய்லரிடம் டேப் இரவல் வாங்கிப்போய் நாங்கள் அளந்தோம். இரண்டே கால் மீட்டர்.

மீதி ஐந்தே முக்கால் மீட்டர் யாரிடம் இருக்கிறது? ஒரு கார் ஷெட். ஒரு காம்பவுண்டுச் சுவர். ஒரு டீக்கடை. அப்புறம்... எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அலுவலக அறை!

அன்றைய சங்கக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை 'அரசாங்கம் தூங்குகிறது' என்று முழங்கியவர்கள் திடீரென்று மௌன விரதம். "டீக்கடையை முதல்ல எடுக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர். "நம்ம ரூம் சின்னதுதானே, அதுலயா வெள்ளம் வந்துச்சு?" என்றார் இன்னொருவர். ஒருவர் கோபித்துக்கொண்டு சந்தாவைத் திருப்பிக் கேட்டார். கார் ஷெட்காரர் கணக்கு சாரோடு பேசுவதையே நிறுத்தினார்.

டீக்கடைக்காரர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க இடிச்சா நானும் எடுத்துக்கறேன் சார். நீங்க இடிக்காம என்னை மட்டும் எடுக்கச் சொன்னா எப்படி?"

எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் சங்க அறை இடிக்கப்பட்டது. டீக்கடை எதிர்ப்பக்கம் தள்ளுவண்டிக்கு மாறியது. கார் ஷெட் பாதி போனது. காம்பவுண்டுச் சுவர் அப்படியே நிற்கிறது, கேஸ் நடக்கிறது. இரண்டே கால் மீட்டர் இப்போது ஐந்து மீட்டர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீரே வரவில்லை என்று கதை விட மாட்டேன். வந்தது. ஆனால், 2015-ல் நாலு நாள் நின்றது, இந்த முறை ஒன்றரை நாளில் வடிந்தது. மழையும் வேறு, காற்றும் வேறு. முழுப் பெருமையும் எங்கள் வாய்க்காலுக்கு இல்லை. இருந்தாலும் இரண்டரை நாள் இரண்டரை நாள்தானே! கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

கணக்கு சார் ஓய்வுபெற்ற பணத்தில் பெரும்பாக்கம் பக்கம் மகளுக்காக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். முறையான அனுமதி பெற்ற மனைப்பிரிவு. பத்திரம் சுத்தம், வில்லங்கம் சுத்தம், பட்டா சுத்தம். கணக்கு சார் ஆயிற்றே, எல்லாம் பார்த்துத்தான் வாங்கினார். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு ஒரு உத்தரவு போட்டது. சதுப்பு நிலத்தைச் சுற்றி எதுவரை அதன் தாக்கம் இருக்கிறது என்று அறிவியல்பூர்வமாக எல்லை வரையறுக்கும் வரை, ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது. அவருடைய மனை அந்த ஒரு கிலோமீட்டருக்குள் மாட்டியது.

பார்க்கப் போயிருந்தேன். சிரித்தபடியேதான் பேசினார்.

"நான் எழுதின நோட்டே என் மேல பாயுது பாருங்க சார்!"

கொஞ்ச நேரம் கழித்து சிரிப்பு நின்றது. "அனுமதி கொடுத்தவங்க கொடுத்தாங்க. பதிவு பண்ணினவங்க பணம் வாங்கிக்கிட்டாங்க. பேங்க்ல லோனும் கொடுத்தாங்க. எல்லாரும் வரவு வெச்சுட்டுப் போயாச்சு. பற்று மட்டும் என் பேர்ல. இது என்ன கணக்கு சார்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'நாட்டுக்காகத் தியாகம் பண்ணுங்க' என்று ஓய்வூதியக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. 'உத்தரவு தப்பு' என்று சொல்லவும் முடியாது. அந்த இருபது லட்சம் லாரித் தண்ணீர் போக இடம் வேண்டுமே!

ஒன்று மட்டும் சொல்வேன். எல்லை எது என்று நாற்பது வருஷம் முன்னால் அளந்து கல் நட்டிருந்தால், அந்த மனைப்பிரிவுக்கு அனுமதியே கிடைத்திருக்காது. கணக்கு சார் வேறு எங்காவது வாங்கியிருப்பார். அரசாங்கம் அளக்காமல் விட்டதற்கான அபராதத்தை, நேர்மையாக வாங்கியவர் கட்டுகிறார். அதனால் எல்லையை அளந்து சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், நம்பி வாங்கியவர்களுக்கு நியாயம் சொல்லுங்கள் என்று கேட்பதும் சுற்றுச்சூழல் வேலைதான். சதுப்பு நிலத்துக்கு எதிரான வேலை அல்ல.

இன்னொரு பற்றும் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதே இல்லை. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று அகற்றினார்கள். அந்தக் குடும்பங்களை எங்கே குடிவைத்தார்கள் தெரியுமா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதாவது, ஆற்றங்கரையில் இருக்காதே என்று தூக்கி, சதுப்பு நிலத்தின் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். வேலைக்குப் போக இருபது கிலோமீட்டர். 'ஆக்கிரமிப்பை அகற்று' என்று நாம் கோஷம் போடும்போது, முதலில் போவது டீக்கடையா, நம் சங்க அறையா என்பதைப் பொறுத்துத்தான் அது நியாயமா, வெறும் சத்தமா என்பது தெரியும்.

ஜூன் 5 வந்தால் போதும், உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று மரக்கன்றும் கேமராவுமாகக் கிளம்பிவிடுகிறோம். எங்கள் பகுதியில் ஒரே குழியில் மூன்று வருஷம் தொடர்ந்து கன்று நட்டார்கள். மூன்று போட்டோ இருக்கிறது, மரம்தான் இல்லை. நடுவது தப்பில்லை சாமி. ஆனால், நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று அடுத்த ஜூன் 5-ல் ஒருவராவது எண்ணியிருந்தால், இரண்டாவது கன்றுக்கு ஒரு கூண்டாவது கிடைத்திருக்கும்.

நீங்கள் கோவையிலோ மதுரையிலோ திருப்பூரிலோ இருக்கலாம். வளர்கிற எந்த ஊரிலும் ஒரு பள்ளிக்கரணை இருக்கும். அதனால் சில சின்ன வேலைகள் சொல்கிறேன். காசு அதிகம் ஆகாது.

அடுத்த மழைக்கு ஒரு குடை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் வாசலில் விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பின்னாலேயே நடந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் ஏரியாவின் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

தெருவில் மிக வயதானவர் யார் என்று விசாரித்து, இங்கே முன்னே என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால், அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று பார்க்க முடியும். கிடைக்காததை, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். ஆவணங்களை நேரில் போய்ப் பார்வையிடும் உரிமையும் அந்த 2005-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏரிக்குள் ஆக்கிரமிப்பு என்றால், அதை அகற்றுவதற்கென்றே 2007-ல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டம் போட்டிருக்கிறது. மனுவில் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள்.

வீடு, மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றில் மனிதர்கள் போட்ட வில்லங்கம் மட்டும்தான் தெரியும். தண்ணீரின் வில்லங்கம் தெரியாது. மே மாதம் ஒரு தடவை, நவம்பர் மாதம் ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள். நாலு பேராவது சேருங்கள். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் இழுக்கலாம். ஒருவரை மிரட்டலாம், நாலு பேரை மிரட்ட யோசிப்பார்கள். கூட்டத்தில் வீர வசனம் பேசுகிறவரை விட, நோட்டு எழுதுகிறவரைச் செயலாளர் ஆக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் கேட்டுக்கு வெளியே போட்ட படிக்கட்டு எத்தனை அடி என்று அளந்துவிடுங்கள். இல்லையென்றால் டீக்கடைக்காரர் கேட்பார், நமக்குப் பதில் இருக்காது.

கணக்கு சாருக்கு இப்போது எழுபத்து நாலு வயது. கண் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மனை விவகாரம் இன்னும் அவர் மனதை அரிக்கிறது. ஆனால், நோட்டு நிற்கவில்லை. எதிர்வீட்டு ப்ளஸ் டூ பெண் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறாள். மழை பெய்த அன்று வாய்க்காலில் எத்தனை அடி தண்ணீர், எந்த இடத்தில் குப்பை அடைத்தது, எத்தனை மணிக்கு ஆள் வந்து எடுத்தார் என்று தேதி வாரியாக. கையெழுத்து அவரைவிட அழகு.

காமர்ஸ் குரூப்தான்!

எங்கள் தெரு நோட்டு அவளிடம் இருக்கிறது. உங்கள் தெரு நோட்டு யாரிடம் இருக்கிறது?